பாரதம் அத்திப்பள்ளியில் முடிகிறது

ஓசூர் டிவிஎஸ் ஆலையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் லாரி ஏறுகிறது. ஜுஜுவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, டிராஃபிக் கொஞ்சம் கருணை காட்டினால் ஒன்றரை மணி நேரத்தில் பெங்களூரு ஷோரூமில் இறங்கிவிடும். வழியில் யாரும் மறித்து 'நீ எந்த ஊர்?' என்று கேட்க மாட்டார்கள். அதுவரை அது சரக்கு. சரக்குக்கு இந்தியா ஒரே நாடு. 2017 ஜூலை 1 பிறந்த நள்ளிரவில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் விளக்கலங்காரத்தோடு பொத்தானை அமுக்கி அப்படித்தான் அறிவித்தார்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் கிருஷ்ணகிரிப் பையன் ஒருவன் அந்த வண்டியை வாங்குகிறான். கேஏ என்று தொடங்கும் நம்பர் பலகையை மாட்டுகிறான். இரண்டு வருடத்தில் கம்பெனி ஆள் குறைக்கிறது. பையன் அதே வண்டியில், அதே சாலையில் ஊர் திரும்புகிறான். ஒரே வித்தியாசம், இப்போது வண்டிக்குச் சொந்தக்காரன் இருக்கிறான். சொந்தக்காரன் இருந்தால் பாக்கெட் இருக்கிறது என்று பொருள். ஆகவே இந்தியா சட்டென்று இருபத்தெட்டு நாடுகளாகிவிடுகிறது. யூனியன் பிரதேசங்கள் தனி. ஓசூரில் பிறந்த வண்டி ஓசூரில் நிற்க வரி கட்ட வேண்டும். ஒருமுறை கட்டியாகிவிட்டதே என்றால், அது பெங்களூரில் கட்டியது, இங்கே என்ன கட்டினாய் என்று கேட்பார்கள்.

வெளிமாநிலத்தில் வண்டி வாங்கினால் மலிவு என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதை நம்பிக் கிளம்புகிறவர்களுக்காகக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டியில் யாரும் காசு மிச்சம் பிடிக்க முடியாது. கன்னியாகுமரியில் வாங்கினாலும் கோஹிமாவில் வாங்கினாலும் ஒரே விகிதம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை 18 சதவீதம், அதற்கு மேல் 40. (351ஆவது சிசியில் மனிதன் ஆடம்பரப் பிராணி ஆகிவிடுகிறான் என்று டெல்லியில் யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். வாழ்த்துகள்.) மாறுவது சாலை வரி. அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கர்நாடகத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள இருசக்கர வண்டிக்கு 18 சதவீதம். தமிழ்நாட்டில் 8 சதவீதமாக இருந்ததை 2023 நவம்பரில் ஏற்றி, ஒரு லட்சம் வரை 10, அதற்கு மேல் 12 என்று ஆக்கினார்கள். இரண்டு மாநிலத்திலும் மாதாமாதம் வாங்குவதில்லை, வருடா வருடம் வாங்குவதில்லை. பதினைந்து வருடத்துக்கானதை முதல் நாளே மொத்தமாகக் கறந்துவிடுகிறார்கள்.

வரி போடும் மதிப்பு இரண்டு லட்சம் என்று வையுங்கள். பெங்களூரில் 36,000 ரூபாய் போயிற்று. பையன் ஓட்டியது இரண்டு வருடம். மிச்சமுள்ள பதிமூன்று வருடத்துக்கு அவன் கர்நாடகத்தின் சாலையில் ஒரு குழியைக்கூடத் தொடப் போவதில்லை. ஆனால் பணம் அங்கே இருக்கிறது. இங்கே வந்தவுடன், வண்டியின் வயதுக்கு ஏற்பக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, தமிழ்நாடு தன் பங்கைக் கேட்கும். ஒரே வண்டி, ஒரே ஆள், ஒரே பதினைந்து வருடம். ஒரு சமயத்தில் ஒரு சாலையில்தான் அந்த வண்டி ஓட முடியும் என்பது இரண்டு தலைமைச் செயலகங்களிலும் யாருக்கும் தோன்றியதில்லை.

சட்டத்தைப் புரட்டினால் கண்ணில் நீர் வரும். மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதன் 46ஆவது பிரிவு, எந்த மாநிலத்தில் பதிவு செய்த வண்டியும் இந்தியா முழுக்கச் செல்லும், வேறெங்கும் மறுபடி பதிய வேண்டியதில்லை என்கிறது. எவ்வளவு பெருந்தன்மை! ஆனால் '47ஆவது பிரிவுக்கு உட்பட்டு' என்று அதிலேயே ஒரு கொக்கி. அந்த 47ஐப் புரட்டினால், வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது எண் வாங்கியாக வேண்டும். ஆக, தேச ஒற்றுமைக்கு ஆயுள் பன்னிரண்டு மாதம்.

அந்தப் பன்னிரண்டு மாதத்தையும் கர்நாடகம் 2014இல் முப்பது நாளாக்கிப் பார்த்தது. வெளிமாநில வண்டி முப்பது நாளைத் தாண்டினால் ஆயுட்கால வரி கட்டு என்று பெங்களூரின் தெருமுனைகளில் மடக்கி மடக்கிப் பிடித்தார்கள். 2016இல் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை அடித்துப் போட்டது. அதற்குள் கட்டியவர்கள் கட்டியிருந்தார்கள்.

சரி, பன்னிரண்டு மாதம் ஆகவில்லை என்று எப்படி நிரூபிப்பது? இங்கேதான் நிர்வாகத்தின் கலைநயத்தை வியக்க வேண்டும். சாலையில் நிறுத்துகிறவர் கேட்பது 'என்றைக்கு எல்லை தாண்டினாய், டோல் ரசீது இருக்கிறதா?' கார்க்காரரிடம் இருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் கட்டணமே இல்லை. கட்டணம் இல்லாததால் ரசீது இல்லை. ரசீது இல்லாததால் நீங்கள் எப்போதும் இங்கேதான் இருந்திருக்கிறீர்கள். அரசாங்கம் எப்போதோ செய்த ஒரு சலுகையை அதே அரசாங்கம் சாட்சிக் கூண்டில் ஏற்றி நமக்கு எதிராகப் பேச வைக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் எல்லையோரப் பங்க்கில் பெட்ரோல் போட்டு பில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அது வெப்பத்தாளில் அடித்த பில். பர்ஸுக்குள் ஆறு மாதம் இருந்தால் எழுத்து மங்கி வெறும் வழவழப்புத் தாளாகிவிடும். வண்டியை ரயிலில் புக் செய்தால் பார்சல் ரசீது கிடைக்கும். அதற்கு டேங்கில் உள்ள பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடித்து, வண்டிக்குச் சாக்குக் கட்டி, வைக்கோல் திணித்து, இண்டிகேட்டர் உடையாமல் இருக்க அட்டை சுற்றி, பிணம் போலப் பிளாட்பாரத்தில் கிடத்த வேண்டும். ஓட்டிக்கொண்டு வந்தவனைவிடக் கட்டிக்கொண்டு வந்தவன் சொல்லுக்கு இந்த நாட்டில் மதிப்பு அதிகம்.

நேர்மையாக எண்ணை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்பவனுக்கு முதல் தேவை என்ஓசி. வண்டி முதலில் பதிவான அலுவலகம், 'இவன் போகலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று படிவம் 28இல் சொல்ல வேண்டும். வங்கிக் கடன் இருந்தால் வங்கி தனியாகச் சொல்ல வேண்டும். வண்டி திருட்டு வழக்கில் இல்லை என்று குற்ற ஆவணம் சொல்ல வேண்டும். பெண் கேட்டுப் போகும் மாப்பிள்ளைகூட இவ்வளவு பேரிடம் நற்சான்று வாங்குவதில்லை. முப்பது நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் என்ஓசி கொடுத்ததாகவே கருதப்படும் என்று 48ஆவது பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். சட்டம் படித்த திமிரில் அந்த வரியை யாராவது கவுன்ட்டரில் சொல்லிப் பாருங்கள். கருதப்படுவது யார் என்று அப்போது தெரியும்.

எங்கள் தெருப் பையன் ஒருவனுக்குத் துணையாக ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போயிருந்தேன். என்ஓசி வந்து சேர்ந்து, புது எண்ணுக்கு விண்ணப்பித்து, வண்டியை நேரில் காட்ட வேண்டிய நாள். வேப்பமரத்தடியில் ஒருவர் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் ஸ்டேப்ளர், பசை டப்பா, செலோடேப், நுனி மழுங்கிய ஒரு பென்சில். வண்டியின் கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்மேல் வெள்ளைத்தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். கறுப்புக்கு நடுவே எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. காசின்மேல் தாளை வைத்துத் தேய்த்து விளையாடுவோமே, அதேதான். அதைக் கத்தரித்து, செலோடேப் போட்டு ஒட்டினார். நிலவுக்குக் கலம் அனுப்பும் நாட்டில் ஒரு வண்டி அதே வண்டிதான் என்பதற்கு அத்தாட்சி அந்தப் பென்சில் கரி.

பையன் கேட்டான். "அண்ணே, எல்லாந்தான் கம்ப்யூட்டர்ல இருக்கே. கேஏ நம்பரைத் தட்டுனா என் பேரு, அப்பா பேரு, இன்சூரன்ஸ் எல்லாம் வருதே?"

"வரும் தம்பி. ஃபைன் போடுறதுக்கு வரும்."

"அப்ப இதுக்கு?"

"இதுக்குப் பென்சில்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாகன் என்ற தரவுத்தளம் நாடெங்கும் ஒன்றுதான். மைசூரில் சிக்னலைத் தாண்டினால் கேமரா பிடித்த படத்தோடு சலான் கிருஷ்ணகிரிக்கு வந்துவிடுகிறது. அபராதத்துக்கு மாநில எல்லை கிடையாது, மொழிப் பிரச்சினை கிடையாது, அலுவலக நேரம் கிடையாது. நமக்கு வர வேண்டிய காசு என்றால் மட்டும் படிவம், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, உணவு இடைவேளை.

பிரேக் இன்ஸ்பெக்டர் மூன்று மணிக்கு வந்தார். வண்டியை ஒருமுறை பார்த்தார். பையனை ஒருமுறை பார்த்தார். பிரேக்கைப் பார்க்கவில்லை. தாளில் ஒரு சுழிப்பு. அவ்வளவுதான். காலையிலிருந்து நாங்கள் வெயிலில் காத்திருந்தது அந்தச் சுழிப்புக்கு. வேப்பமரத்தடிக்காரர் மட்டும் கூட்டத்தில் ஒரே உற்சாகமான ஆள். அந்த அலுவலகத்தில் எந்த ஃபைல் எந்த மேசையில் தூங்குகிறது, எதைக் கொண்டு எழுப்ப வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரிந்திருந்தது. ஆனால் சம்பளம் அவருக்கு அரசு தருவதில்லை. நாம் தருகிறோம்.

வரி கட்டியாகிவிட்டது, டிஎன் எண் வந்துவிட்டது. இனி பழைய மாநிலத்தில் கட்டியதில் மீதியைத் திரும்ப வாங்கலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது. வண்டி ஓடிய வருடங்களைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் இங்கே முழுதாகக் கட்ட வேண்டும். கட்டி, புது ஆர்சி வாங்கி, அதைக் காட்டித்தான் அங்கே கேட்க வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் இரண்டு அரசாங்கங்களின் கையிலும் ஒரே வண்டிக்கான பணம் இருக்கும். வட்டி? அது நாம் தாமதித்தால் மட்டும் பிறக்கும் குழந்தை. இதில் இன்னொரு நுட்பம், கேட்கத் தாமதிக்கத் தாமதிக்க வருடம் ஓடிக் கழிவு கூடிக்கொண்டே போகும். அவர்கள் இழுத்தடித்தாலும் அவர்களுக்கு லாபம், நீங்கள் சலித்துப்போனாலும் அவர்களுக்கு லாபம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, தெரியாத மொழியில் எழுதிய பலகைகளுக்கு நடுவே கவுன்ட்டர் தேடி, 'நாளைக்கு பா' என்று கேட்டுவிட்டுத் திரும்பியவன் எத்தனை முறை போவான்? ஃபைலை மூடுவதற்கு அதிகாரி தேவையில்லை. பஸ் கட்டணமே மூடிவிடும்.

மாநிலங்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஜிஎஸ்டி வந்தபின் மாநிலத்தின் கையில் தானே விகிதம் வைத்து வாங்கும் வரி என்று பெரிதாக எஞ்சியவை பெட்ரோல், மது, பத்திரப் பதிவு, மின்சாரம், இந்த வண்டி வரி. அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 57ஆவது பதிவு அது. அதையும் டெல்லிக்குத் தூக்கிக்கொடு என்று நான் சொன்னால் என்னைவிட மூடன் இருக்க முடியாது. முன்பு விற்பனை வரியே மாநிலத்துக்கு மாநிலம் மாறிய காலத்தில், புதுச்சேரி போய் மலிவாக வாங்கிவந்த வண்டிகளால் தமிழ்நாட்டின் கஜானா நட்டப்பட்டது உண்மை. அதற்காகவே 1990இல் நுழைவு வரிச் சட்டம் கொண்டுவந்தார்கள். வித்தியாசத்தை எல்லையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. அந்த வரியைப் பற்றிய வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போய், 2016இல் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்றார்கள். மறு வருடமே ஜிஎஸ்டி வந்து நுழைவு வரியை விழுங்கியது. வாங்குவது மாநிலத்தின் உரிமை. யார் அதை மறுத்தது?

என் ஆத்திரம் வேறு. இரண்டு அரசாங்கங்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய பாகப்பிரிவினையை ஒரு டெலிவரி பையனின் தலையில் ஏன் கட்ட வேண்டும்? பிஸ்கட் பாக்கெட் மாநிலம் விட்டு மாநிலம் போனால் எந்த அரசுக்கு எவ்வளவு பங்கு என்பதை ஐஜிஎஸ்டி கணக்கில் அவர்களே தீர்த்துக்கொள்கிறார்கள். பிஸ்கட் தின்றவனைக் கூப்பிட்டு, அங்கே போய்த் திரும்ப வாங்கிவந்து இங்கே கட்டு என்று சொல்வதில்லை. சரக்கு லாரிக்கு 2010இலேயே வழி கண்டாயிற்று. தேசிய பர்மிட், வருடத்துக்கு இப்போது 16,500 ரூபாய் ஒட்டுமொத்தக் கட்டணம், வசூலாவதை மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. லாரி முதலாளிகளுக்குச் சங்கம் இருக்கிறது. நான்கு நாள் வண்டியை நிறுத்தினால் தக்காளி விலை ஏறும், அமைச்சர் பேச்சுவார்த்தைக்கு வருவார். மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் ஓட்டுகிறவன் வேலைக்குப் போக மாட்டான், அவ்வளவுதானே.

இல்லை, ஒரு மகத்தான தீர்வு கொண்டுவந்திருக்கிறோம் என்பார்கள். பிஎச் வரிசை. பாரத் வரிசை! 2021 செப்டம்பரில் தொடங்கியது. அந்த எண் இருந்தால் எந்த மாநிலத்துக்குப் போனாலும் மறுபதிவு வேண்டாம், வரியையும் இரண்டிரண்டு வருடமாகக் கட்டலாம். எவ்வளவு எளிது! அப்படியானால் முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. யாருக்குக் கிடைக்கும்? ராணுவத்தினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள தனியார் நிறுவனங்களின் ஊழியர்கள். கொத்தனாருக்கு இல்லை. தனியார் மருத்துவமனை நர்ஸுக்கு, அந்த மருத்துவமனைக்கு நாலு மாநிலத்தில் கிளை இல்லாவிட்டால், இல்லை. ஒப்பந்தம் முடிந்து ஊர் ஊராக அலையும் எலக்ட்ரீஷியனுக்கு இல்லை. ராணுவத்தினரை விட்டுவிடுங்கள், அவர்கள் சொல்லும் இடத்துக்குப் போகிறவர்கள். மற்றபடி, சட்டத்தை எழுதியவர்கள் எழுதிய கையோடு தங்களைப் பாரதத்தில் சேர்த்துக்கொண்டார்கள். நாம் பழையபடி கேஏ, டிஎன், ஏபி.

பெரிய இடத்துக்கு இதுகூடத் தேவைப்படவில்லை. 2017இல் கேரளத்தில் வெடித்ததே, திரைப் பிரபலங்களின் கோடி ரூபாய் கார்கள் புதுச்சேரி எண்ணோடு கொச்சியில் ஓடிய கதை. புதுச்சேரியில் வரி கம்மி. பதிவுக்குத் தேவை ஒரு முகவரி. முகவரிக்குத் தேவை ஒரு வாடகை ஒப்பந்தம். வீட்டுக்காரருக்கே தெரியாத குடித்தனக்காரர்கள் சந்து பொந்தெல்லாம் முளைத்தார்கள். வழக்குப் போட்டார்கள், சிலர் பிறகு வரியைக் கட்டினார்கள். நம்மூர் ஆம்னி பஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். நாகாலாந்து எண்ணோடு நாகாலாந்தையே பார்க்காத பஸ்கள் வருடக்கணக்கில் சென்னைக்கும் மதுரைக்கும் இரவு இரவாக ஓடின. அவ்வளவு பெரிய எழுத்தில் என்எல் என்று முதுகில் எழுதிக்கொண்டு போன நாற்பது அடி வாகனம் சோதனைச் சாவடியில் யார் கண்ணிலும் படவில்லை. 2024 ஜூனில்தான் இனி ஓடக் கூடாது என்று அரசு கறார் காட்டியது. அதே சாவடியில், ஹெல்மெட் போட்டு, எல்லாப் பேப்பரும் வைத்திருக்கும் கேஏ பல்சர்க்காரனை மட்டும் இருட்டிலும் துல்லியமாகக் கண்டுபிடித்து ஓரம் கட்டுவார்கள். ஊருக்கு இளைத்தவன் யார் என்பதைக் கண்டுபிடிக்க நம் துறைகளுக்கு டார்ச் வேண்டியதில்லை.

டெல்லியும் தப்ப முடியாது. வண்டிகள் மீது என்ன கோட்பாட்டில் வரி போடலாம் என்பதை வகுக்கும் அதிகாரம் பொதுப்பட்டியலின் 35ஆவது பதிவில் அரசமைப்பு பிறந்த நாளிலிருந்தே நாடாளுமன்றத்துக்கு இருக்கிறது. விகிதத்தை மாநிலம் வைக்கட்டும். ஒரே வண்டிக்கு ஒரே காலத்துக்கு இரண்டு இடத்தில் வாங்காதே, ஆள் இடம் மாறினால் மீதியை அரசுக்கு அரசு மாற்றிக்கொள் என்று ஒரு வரி எழுதினால் போதும். தேசம் ஒன்று, தேர்தல் ஒன்று, ரேஷன் கார்டு ஒன்று என்று ஒன்றன்பின் ஒன்றாக முழங்கத் தொண்டை இருக்கிறது. இந்த ஒரு வரியை எழுத மட்டும் பேனா கிடைக்கவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு பென்சில் இருக்கிறது, வேண்டுமானால் வாங்கித் தருகிறேன்.

எங்கள் தெருப் பையனுக்குப் பெங்களூரிலேயே மறுபடி வேலை கிடைத்திருக்கிறது. பழைய கம்பெனி மாதிரி இல்லை, இது நிலைக்கும் என்கிறான். ஒப்பந்த வேலைதான். கம்பெனிக்கு ஒரே மாநிலத்தில்தான் ஆபீஸ், ஆகவே பாரதத்தில் இடமில்லை. பழைய வரியின் மீதி இன்னும் வந்து சேரவில்லை, புது டிஎன் எண்ணின் பெயின்ட் பளபளப்பு இன்னும் போகவில்லை. வண்டியை எடுத்துப் போகலாமா, போனால் எத்தனை மாதத்தில் அங்கே மறுபடி கட்ட வேண்டியிருக்கும் என்று மரத்தடிக்காரருக்கு போன் போட்டுக் கேட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"எடுத்துட்டுப் போ தம்பி. அத்திப்பள்ளி தாண்டினதும் பெட்ரோல் போட்டு பில் வாங்கு. அதை ஜெராக்ஸ் போட்டு வச்சுக்க. பதினோரு மாசம் கழிச்சு எனக்கு ஒரு போன் அடி. என்ஓசி ஃபாரம் இப்பவே ரெண்டு செட் எடுத்து வச்சிடுறேன்."